இரண்டாவது நம்பர்

நான் வடிவமைக்கும் எந்த விசிட்டிங் கார்டாக இருந்தாலும், அதிலிருக்கும் நம்பரை அச்சுக்கு அனுப்பும் முன் நானே அடித்துப் பார்ப்பேன். கம்ப்யூட்டரைப் பார்த்து அல்ல, மாதிரித் தாளைப் பார்த்து, கடையின் மேஜைப் போனில், ஒவ்வொரு எண்ணாக. மறுமுனையில் மணி அடித்தால் நம்பருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக். ஆள் எடுத்துப் பேசினால் இரண்டாவது டிக். ஒரு டிக்காவது இல்லாமல் எந்தத் தாளும் என் மேஜையைத் தாண்டாது.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் ஒரு பல் டாக்டர். பதினோரு வருஷத்துக்கு முன்னால், கடை திறந்த மூன்றாம் மாதம், தண்ணீர்த் தொட்டி கழுவுகிற ஒருவருக்கு இரண்டாயிரம் கார்டு அடித்துக் கொடுத்தேன். அதில் ஒரே ஒரு எண் மாறிப்போயிற்று. அழுக்குத் தொட்டி வைத்திருந்தவர்கள் எல்லாம் அந்த டாக்டருக்குப் போன் போட்டு, "உள்ளே இறங்கி நல்லா சுரண்டிக் கொடுப்பீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவரும் முதல் இரண்டு பேருக்கு நேரம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டார். அப்புறம் விஷயம் புரிந்து கடைக்கே வந்து நின்றபோது என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்றைக்கு எடுத்த முடிவு இது.

என் வீட்டுக்காரர் இதை வியாதி என்பார். "கடிகாரம் மணி காட்டினா, இன்னொரு கடிகாரத்தைப் பார்த்து நிச்சயம் பண்ணிக்கிற ஆளு நீ" என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும். என் தொழிலே சந்தேகப்படுவதுதான். எழுத்தைச் சந்தேகப்பட வேண்டும், இடைவெளியைச் சந்தேகப்பட வேண்டும், "எல்லாம் சரியா இருக்கு, அடிச்சிடுங்க" என்று படிக்காமலே கையெழுத்துப் போடுகிற வாடிக்கையாளரை எல்லாவற்றுக்கும் மேலாகச் சந்தேகப்பட வேண்டும்.

கடையில் நாங்கள் இரண்டே பேர்தான். முன்பக்கம் நானும் என் கம்ப்யூட்டரும். பலகைத் தடுப்புக்குப் பின்னால் அச்சு மெஷினும் கட்டிங் மெஷினும் என் தம்பியும். தெருவில் அவனுக்குப் பெயர் மில்லிமீட்டர், சுருக்கமாக மில்லி. அவன் வெட்டிய கார்டு ஒரு மில்லிமீட்டர் கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை. ஐந்நூறு கார்டை அடுக்கி மேஜையில் தட்டினால் ஒரே செங்கல் மாதிரி நிற்கும். ஆள் ஆறடிக்கு மேல். மெஷினோ யாரோ குள்ளமான ஆளுக்காகச் செய்தது. நாள் முழுக்கக் குனிந்து வெட்டிவிட்டு, சாயங்காலம் வாசல் நிலையின் மேல்கட்டையைப் பிடித்துத் தொங்கி முதுகை நிமிர்த்துவான். "மெஷினுக்கு அடியில கட்டை வெச்சு ஒசத்தணும்க்கா" என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். "பார்க்கலாம்டா" என்று நானும் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

எனக்கும் அவனுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது. அதற்கப்புறம் அவன் தலையை வாரிப் பள்ளிக்கு அனுப்பியது நான்தான். இதை நான் சொல்லிக்காட்டுவதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் கொளுத்துகிற நேரத்தில், மழைக்குப் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடையோடு ஒரு பெண் கடைக்குள் வந்தாள். என் வயதுதான் இருக்கும். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, கைப்பையிலிருந்து வெள்ளை அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். கேக் வைக்கிற பெட்டி. பசை இல்லை, பின் இல்லை. மடிப்புக்குள் மடிப்பாகத் தானே பூட்டிக்கொண்டு நின்றது. அதன் மூலைகளைப் பார்த்தேன். எங்கேயும் பிசிறு இல்லை.

"அட்டைப்பெட்டி செய்றேன். இவ்வளவு நாள் வீட்டிலேயே செஞ்சேன், இப்ப ஒரு ஷெட் எடுத்திருக்கேன். ஐந்நூறு கார்டு வேணும்" என்றாள்.

"யாரு சொல்லி வந்தீங்க?"

"சொன்னாங்க" என்றாள். யார் சொன்னார்கள் என்பதை அந்த ஒரு வார்த்தையோடு முழுங்கிவிட்டாள். "நம்பரை எல்லாம் அடிச்சுப் பார்த்துட்டுத்தான் அச்சு போடுவீங்களாமே?"

எனக்கு மூக்கில் வேர்த்தது. நான் நம்பரை அடித்துப் பார்ப்பது கடை வாசலில் எழுதி வைத்த விஷயமல்ல. அது எனக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும், கேலி செய்கிற வீட்டுக்காரருக்குத் தெரியும். நான் திரும்பிப் பார்த்தேன். தடுப்புக்குப் பின்னால் தம்பி இல்லை. அவள் உள்ளே வந்த நேரத்தில்தான் டீ குடிக்கப் போயிருக்கிறான்.

அவள் ஒரு தாளில் விவரங்களை எழுதிக் கொடுத்தாள். மேலே நிறுவனத்தின் பெயர். அதன் கீழ் அவள் பெயர், நம்பர், ஷெட்டின் விலாசம். கடைசி வரியில் "வெட்டு வேலைக்கு" என்று போட்டு இன்னொரு நம்பர். அந்த நம்பருக்கு முன்னால் பெயர் இல்லை.

"இங்க யாரு பேரு?" என்றேன்.

"அது என்கூடத் தொழில் பண்ற பங்காளி. பேரு இப்ப போட வேண்டாம்னு சொல்லியிருக்கார். இன்னும் வீட்டுல சொல்லலையாம்."

நான் சிரித்துவிட்டேன். "தொழிலை வீட்டுக்குத் தெரியாம ஆரம்பிக்கிற ஆளா? நல்ல பங்காளிதான் புடிச்சீங்க."

அவள் சிரிக்கவில்லை. "வீட்டுல பயமாம்" என்று மட்டும் சொன்னாள். அந்த வீட்டில் எப்படிப்பட்ட ராட்சசி உட்கார்ந்திருக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் மாதிரித் தாள் தயார். இளம் சாம்பல் நிறத்தில் பின்னணி. மூலையில், பிரித்து விரித்த பெட்டியின் கோட்டுப்படம். எனக்கே பிடித்திருந்தது. போனை இழுத்து முதல் நம்பரை அடித்தேன். குடைக்காரி எடுத்தாள், பேசினாள், இரண்டு டிக். இரண்டாவது நம்பரை அடித்தேன்.

காதில் மணி அடித்தது. அதே நேரத்தில் தடுப்புக்குப் பின்னாலும் அடித்தது.

தற்செயல் என்று நினைத்துப் போனை வைத்தேன். பின்னாலும் நின்றது. மறுபடி அடித்தேன். மறுபடி அங்கே அடித்தது. எட்டிப் பார்த்தேன். தம்பி கட்டிங் மெஷின் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மெஷின் ஓடவில்லை. சத்தம் அவன் மேஜை இழுப்பறைக்குள்ளிருந்து வந்தது. அவனுடைய போனோ பேன்ட்டின் பின்பையில் நீட்டிக்கொண்டு தெரிந்தது. ஆக, உள்ளே இருப்பது நான் பார்க்காத இன்னொரு போன். அவன் அதை எடுக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

போனை வைத்தேன். "என்னடா அது சத்தம்?" என்று கேட்க எத்தனை நொடி ஆகும்? கேட்கவில்லை. மணி அடித்ததே, அதனால் ஒரு டிக் போட்டேன். பழக்கம் பாருங்கள்.

அன்று முழுக்க என் மனசு கண்ட இடத்தில் மேய்ந்தது. இவனுக்கு எத்தனை நாளாக இந்த எண்ணம்? கடையில் வெட்டி மிஞ்சும் அட்டை எல்லாம் எங்கே போகிறது? போன மாதம் இரண்டு நாள் காய்ச்சல் என்று வராமல் இருந்தானே, அது காய்ச்சல்தானா? அந்தக் கேக் பெட்டியின் மூலையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படி வெட்டுகிற கை இந்தத் தெருவில் ஒன்றுதான் இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனை என் வீட்டுச் சோறு போட்டே வளர்த்திருக்கிறேன்!

கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். அதையும் சொல்லிவிடுகிறேன். மில்லி இல்லாமல் இந்தக் கடை இல்லை. நான் எவ்வளவு அழகாக வடிவமைத்தாலும், வெட்டு ஒரு பக்கம் சாய்ந்தால் அது குப்பை. அது கடையைப் பற்றிய பயம். இன்னொரு பயமும் இருந்தது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். பதினோரு வருஷம் அப்படித்தான். தனியாகத் தூக்கினால் அது கோணலாக மாட்டிக்கொள்ளும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் செருப்புக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "அவனையே கேட்டுடேன்" என்றார்.

"கேட்டா பொய் சொல்லுவான்."

"உன்கிட்ட எப்பவாவது பொய் சொல்லியிருக்கானா?"

"இதுவரைக்கும் நான் புடிச்சதில்ல."

அவர் ஊசியை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

வியாழக்கிழமை அவன் பார்சல் கொடுக்கப் போன நேரம், அந்த இழுப்பறையைத் திறந்தேன். பட்டன் வைத்த சின்னப் போன், புதுசு. அதற்கு சார்ஜர். சுவரில் இருக்கிற பிளக்குக்குப் போக, இழுப்பறையின் பின்பலகையில் வயர் நுழைகிற அளவுக்கு ஒரு துளையும் போட்டிருந்தான். துளைகூட அளவெடுத்த மாதிரி அவ்வளவு சுத்தம். போனைத் தட்டிப் பார்த்தேன். மிஸ்டு கால் இரண்டு. இரண்டும் நம் கடை நம்பர். வேறு ஒரு அழைப்புகூட இல்லை. அழித்துவிட்டான், கள்ளன், என்று நினைத்தேன். தினமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறானே, யார் அழைப்புக்கு இப்படிக் காத்திருக்கிறான்?

அதோடு விட்டேனா? மாதிரித் தாளில் கையெழுத்து வாங்குகிற சாக்கில், வெள்ளிக்கிழமை காலை குடைக்காரியின் ஷெட்டுக்கு நானே போனேன். வழக்கமாக வாடிக்கையாளர்தான் கடைக்கு வர வேண்டும். நான் போய் நின்றதும் அவள் கொஞ்சம் திகைத்தாள்.

தகரக் கூரை. பாதி இடம் காலி. ஒரு பக்கம் பழுப்பு அட்டைத் தாள்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு வெட்டு மேஜை. அவள் கையெழுத்துப் போட அதன்மேல் தாளை வைத்தபோதுதான் கவனித்தேன். மேஜை அவள் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. முழங்கையைத் தூக்கிக்கொண்டு எழுதினாள். கீழே பார்த்தேன். நான்கு கால்களுக்கும் அடியில் புதுசாய் அறுத்த மரக்கட்டைகள்.

"மேஜை உங்களுக்கு உயரமா இருக்கே?"

"எனக்கு இல்லைங்க, அவருக்கு. அவர் நல்ல உயரம். குனிஞ்சு குனிஞ்சு முதுகு போயிடுச்சாம்" என்றாள். அப்புறம் பேனாவை மூடிக்கொண்டே, "நீங்க அடிச்சீங்களா அந்த நம்பரை?" என்று கேட்டாள்.

"அடிச்சேன்."

"எடுத்தாரா?"

"எடுக்கல."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். என் முகத்தையே பார்த்தாள். நோட்டம் விடுகிறாள் என்று தோன்றியது. தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் நான் செய்ததை இதுவரை யாருக்கும் நியாயப்படுத்திச் சொன்னதில்லை. இப்போதும் சொல்லப்போவதில்லை. கையெழுத்து வாங்கிய தாள் இடப்பக்கம் இருந்தது. திரையில் இரண்டாவது நம்பரின் கடைசி எண் ஏழு. அதை அழித்து ஒன்று போட்டேன். ஏழும் ஒன்றும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். யாராவது கேட்டால் கண் தப்பிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த நம்பரை நான் அடித்துப் பார்க்கவில்லை. பதினோரு வருஷத்தில் டிக் இல்லாமல் என் மேஜையைத் தாண்டிய முதல் நம்பர் அது.

தடுப்புக்குப் பின்னால் அச்சு ஓடி முடிந்து, தாள்கள் வெட்டுக்குப் போயின. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கத்தி இறங்குகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டது. நடுவில் ஒரு இடத்தில் நின்றது. ஒரு நிமிஷம் இருக்கும். மறுபடி ஆரம்பித்தது. அவன் எழுந்து வரவில்லை, எதுவும் கேட்கவில்லை. பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். மில்லிமீட்டர் என்று ஊரே சொல்கிறவன், தன் சொந்த நம்பரைப் பார்க்கவில்லை என்று நானும் நம்பினேன். நம்ப வசதியாக இருந்தால் எனக்குக்கூடச் சந்தேகம் வராது போல.

கார்டுகளை நூறு நூறாகக் கண்ணாடி டப்பாவில் அடுக்கி, ஒவ்வொரு மூடியிலும் அடையாளத்துக்கு ஒரு கார்டை ஒட்டுவது எங்கள் வழக்கம். முன்பக்கம் மேலே தெரிகிற மாதிரி ஒட்டுவோம். அன்று சாயங்காலம் ஐந்து டப்பாக்கள் என் மேஜைக்கு வந்தன. ஐந்திலும் கார்டு கவிழ்ந்து, வெற்றுப் பின்பக்கம் மேலே தெரிய ஒட்டியிருந்தது. அவசரத்தில் பக்கம் பார்க்காமல் ஒட்டிவிட்டான் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை குடைக்காரி வந்து வாங்கிக்கொண்டு போனாள். ஞாயிறு விடுமுறை. திங்கள் முழுக்கத் தம்பி என்னிடம் வேலைக்குத் தேவையானதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இழுப்பறையில் மணி அடிக்கவில்லை. எப்படி அடிக்கும்?

செவ்வாய் காலை, அவன் வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. என்னால் முடியவில்லை. அரிப்பு எடுத்த இடத்தைச் சொறியாமல் இருக்கலாம், அடிக்காத நம்பரை அடிக்காமல் இருக்க என்னால் ஆகாது. கடைசி எண்ணுக்கு ஒன்று போட்டு அடித்தேன்.

முதல் மணியிலேயே ஒரு வயசான குரல் எடுத்தது. "சொல்லுங்க, நீங்களும் பெட்டிக்குத்தானா?"

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நேத்திலிருந்து நீங்க அஞ்சாவது ஆள்" என்றார் அவர். "ஒருத்தர் பெட்டி ரெடியான்னு கேட்டார். ஒருத்தி என்ன சைஸுல செய்வீங்கன்னு கேட்டா. இன்னொருத்தர் அவசரமா நாளைக்கே வேணும்ங்கிறார். எனக்கு எழுபத்தாறு வயசும்மா. போன மாசம்தான் நெஞ்சு ஆபரேஷன் ஆச்சு. போனை எடுத்தா எல்லாரும் பெட்டி ரெடியான்னு கேட்டா மனுஷன் என்ன நினைப்பான்? என் மருமகதான் ஏதோ ஏற்பாடு பண்றாளோன்னு ராத்திரி பூரா அவளையே பார்த்துக்கிட்டிருந்தேன்!"

சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. ஒரு எண்ணை மாற்றி, யாரோ ஒரு வீட்டில் மாமனாரையும் மருமகளையும் சந்தேகத்தில் உட்கார வைத்துவிட்டேன். "மன்னிச்சிடுங்க ஐயா, கார்டுல தப்பா அச்சாயிடுச்சு. உங்க மருமக மேல தப்பில்ல, தப்பு எங்க மேலதான்" என்றேன். சொல்லும்போதே தெரிந்தது, எங்க மேல இல்லை, என் மேல்.

தம்பி வந்தான். ஷட்டரை நான் பாதிதான் தூக்கி வைத்திருந்தேன். அவன் குனிந்து உள்ளே வந்து, மீதியைத் தூக்கிவிட்டு, தடுப்புக்குப் பின்னால் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

"உன் நம்பரை நான்தான் மாத்தினேன்" என்றேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

அவன் மெஷின் மேல் இருந்த துணியை மடித்து வைத்தான். "தெரியும்."

"எப்ப தெரியும்?"

"வெட்டும்போதே. பாதியில நிறுத்திப் பார்த்தேன்."

"அப்புறம் ஏன்டா கேக்கல?"

"கேட்டிருந்தா கண்ணு தப்பிடுச்சுன்னு சொல்லியிருப்ப. அப்புறம் நான் அதை நம்பணும். என்னால முடியாதுன்னு தோணிச்சு" என்றான். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவன் குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்தான். உள்ளே நான்கு டப்பாக்கள். "அவங்க ஒரு டப்பாவைப் பிரிச்சுக் கடைக்காரங்களுக்குக் கொடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஞாயித்துக்கிழமை நான் போய்ச் சேர்றதுக்குள்ள அது முடிஞ்சிருச்சு. மத்த நாலையும் வாங்கிட்டு வந்துட்டேன்."

"அந்தம்மாகிட்ட என்ன சொன்ன?"

"வெட்டும்போது நான் கவனிக்கலைன்னு சொன்னேன்."

மில்லி கவனிக்கவில்லையாம். புதுத் தொழிலில், புதுப் பங்காளியிடம், முதல் வாரத்திலேயே தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு வந்து நிற்கிறான். என் தப்பை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறான். எனக்கு அழுகை முட்டியது. ஆனால் என் வாய் இருக்கிறதே, அது அப்போதும் சண்டைக்குத்தான் நின்றது.

"இவ்வளவு பண்றவன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! திருட்டுப் போன் வாங்கி ஒளிச்சு வெச்சு, பேரில்லாம கார்டு போட்டு... அதுவும் நம்ம கடையிலேயே! வேற கடையா இல்ல?"

"வேற கடையில யாரு நம்பரை அடிச்சுப் பார்ப்பா?" என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவன் இழுப்பறையைத் திறந்து அந்தச் சின்னப் போனை எடுத்து மேஜை மேல் வைத்தான்.

"ஆறு மாசமா உன்கிட்ட சொல்லணும்னு பார்க்கிறேன். வாயைத் திறந்தா நீ, 'யாரு, எவ, எதுக்கு, உன்னை எவன் கெடுத்தான்'னு ஆரம்பிப்ப. அப்புறம் அம்மா போனதிலிருந்து வரிசையா வரும். எனக்குப் பேச்சு வராது. அதான் அவங்களை இங்கேயே வரச் சொன்னேன். எப்படியும் நீ அடிப்ப. அடிச்சா இங்க மணி கேக்கும். கேட்டா, என்னடா இதுன்னு நீயே வந்து நிப்ப. அப்ப சொல்லிடலாம்னு இருந்தேன். உனக்கு நல்லா கேக்கணும்னுதான் மெஷினையே நிறுத்திட்டு நின்னேன். அந்த நம்பர் அப்ப உன்னையும் அவங்களையும் தவிர யாருக்கும் தெரியாதுக்கா."

மிஸ்டு கால் இரண்டு. இரண்டும் நம் கடை நம்பர். அவன் எதையும் அழிக்கவில்லை. தினமும் சார்ஜ் போட்டு, யார் கேட்பார்கள் என்று காத்திருந்தானோ, அந்த ஆள் நான்தான். இரண்டு தடவை அடித்துப் பார்த்து, டிக் போட்டு, அவன் இழுப்பறையைக் குடைந்து, ஷெட்டை வேவு பார்த்து, நம்பரையும் கெடுத்தேன். கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

நான் அவனுடைய மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது என் இடுப்புக்குக்கூட வரவில்லை. இவ்வளவு தாழ்வாகவா இருக்கிறது என்று நினைத்தேன். பதினோரு வருஷமாகப் பார்க்கிற மெஷின்.

"சரி, மறுபடி அடிப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்பக்கம் வந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கோப்பைத் திறந்தேன். ஒன்றை அழித்து ஏழு போட்டேன். "வெட்டு வேலைக்கு" என்கிற வரியில் நம்பருக்கு முன்னால் அவன் பெயரை அடித்தேன். மில்லி என்று அல்ல, நான் அவனை ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது சொன்ன முழுப் பெயர். மேலே இருந்த பெயருக்குச் சமமான எழுத்தளவில், அதே கனத்தில். குடைக்காரிக்குப் போன் போட்டு, தப்பு வெட்டினவன் மேல் இல்லை, கார்டு போட்டவள் மேல்தான் என்று சொன்னேன். "அப்படியா?" என்று இழுத்தாள். எவ்வளவு நம்பினாள் என்று தெரியவில்லை. அவள் சந்தேகப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

மாதிரித் தாளை எடுத்து மேஜையில் வைத்து, போனை இழுத்தேன். தாளைப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாக அழுத்தினேன். காதில் மணி அடித்தது. தடுப்புக்குப் பின்னாலும் அடித்தது. மூன்று முறை அடித்த பிறகு நின்றது.

"வணக்கம்" என்றது என் காதில் அவன் குரல். பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் அதே குரல் கேட்டது. "யார் பேசறீங்க?"

"கார்டு அடிக்கிற கடையிலிருந்து பேசறேன். நம்பர் சரியான்னு பார்க்கக் கூப்பிட்டேன்."

"சரிதான்."

இரண்டு பேரும் வைக்கவில்லை. நேரில் கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். போனில் கேட்டேன்.

"எப்ப போற?"

"ஒண்ணாம் தேதி."

இன்னும் பதினோரு நாள். நான் காலண்டரைப் பார்க்காமலே எண்ணினேன். "போறதுக்குள்ள இந்த மெஷினுக்குக் கட்டை வெச்சுக் கொடுத்துட்டுப் போ. எவ்வளவு ஒசத்தணும்?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்டது.

"எனக்குப் பதிலா வர்றவன் எவ்வளவு உயரம்னு பார்த்துட்டு வெச்சுக்கலாம்க்கா" என்றான். "நீ முதல்ல அவனைக் கேளு."

"கேக்கறேன்" என்றேன்.

போனை வைத்துவிட்டுப் பென்சிலைத் தேடினேன். காதில்தான் சொருகியிருந்தது. அவன் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டேன். ஆள் எடுத்துப் பேசியதால், அதன் பக்கத்தில் இன்னொன்றும் போட்டேன்.